புருஷன் உறவு முறிந்தால் இன்ஷூரன்ஸும் முறியுமா?

அமெரிக்காவில் வைத்தியச் செலவு மிக அதிகம். ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்து எழுந்தால், பல ஆயிரம் டாலருக்கு பில் வந்துவிடும். இன்ஷூரன்ஸ் இல்லாத குடும்பம் கடனில் மூழ்க வேண்டியதுதான்.

அங்கே 65 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல், கம்பெனி வேலை மூலமாகவே இந்த இன்ஷூரன்ஸைப் பெறுகிறார்கள். கணவர் வேலை பார்ப்பார். கம்பெனி இன்ஷூரன்ஸ் செய்யும். அதில் மனைவி, மக்கள் பெயரும் சேர்ந்திருக்கும்.

அந்தக் கணவனும் மனைவியும் விவாகரத்து செய்துகொண்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் அன்றைய தினமோ, அந்த மாதக் கடைசியிலோ மனைவியின் இன்ஷூரன்ஸ் நின்றுவிடும். அவள் சர்க்கரை நோய்க்காரியாக இருக்கலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவளாக இருக்கலாம். தாலி உறவு போன கையோடு, மருந்துக்கும் வழி இல்லாமல் போகும்.

"கோப்ரா" சட்டம்

இதற்காக ஒரு சட்டம் வந்தது. 1986-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஜனாதிபதி ரீகன் அதில் கையெழுத்திட்டார்.

அதன் பெயர் "கோப்ரா". கோப்ரா என்றால் நல்ல பாம்பு. ஆனால் இது கடிக்கிற பாம்பு அல்ல! நீளமான ஒரு சட்டப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தபோது அப்படி அமைந்துவிட்டது.

20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கம்பெனிகளுக்கு இது பொருந்தும். விவாகரத்து ஆன மனைவி, அதே இன்ஷூரன்ஸில் 36 மாதம் வரை நீடிக்கலாம். மனைவி வேலை பார்த்து, கணவர் அவளுடைய இன்ஷூரன்ஸில் இருந்தாலும் இதே உரிமை உண்டு.

பணம் யார் கட்டுவது?

இங்கேதான் சிக்கல்.

ஒருவருக்கு மாதச் சந்தா 700 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கம்பெனி 550 டாலர் கொடுத்திருக்கும். சம்பளத்தில் 150 டாலர்தான் பிடித்திருப்பார்கள். விவாகரத்துக்குப் பிறகு முழுத் தொகையையும் அவளே கட்ட வேண்டும். நிர்வாகச் செலவுக்காக நூற்றுக்கு 2 வீதம் கூடுதலாகவும் கேட்கலாம். ஆக மொத்தம் 714 டாலர்!

60 நாள் கெடு

பணத்தைவிட முக்கியமானது, நாள் கணக்கு.

விவாகரத்து ஆன செய்தி கம்பெனிக்குத் தானாகத் தெரியாது. கணவனோ மனைவியோதான் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 60 நாள் கெடு. "அவர் சொல்லியிருப்பார்" என்று மனைவி சும்மா இருந்துவிட்டால், உரிமை கைநழுவிப் போகும். அவளே எழுதிப் போடுவது நல்லது.

பிறகு கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வரும். சேர்வதா, வேண்டாமா என்று முடிவு செய்ய மேலும் 60 நாள் உண்டு. சேர்ந்தபின் முதல் பணம் கட்ட 45 நாள் அவகாசம். கட்டிவிட்டால், இன்ஷூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே மறுபடி உயிர் பெறும்.

விவாகரத்து வரப்போகிறது என்று தெரிந்து, மனைவியின் பெயரை முன்கூட்டியே அடித்துவிடும் கணவர்களும் உண்டு. அந்தத் தந்திரம் பலிக்காது. விவாகரத்து ஆன தேதியிலிருந்து அவளுக்கு உரிமை உண்டு என்கிறது சட்டம்.

கல்யாணம் ஆகாத ஜோடிகள்

கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் அங்கே ஏராளம். சில கம்பெனிகள் அந்தத் துணைக்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்கின்றன. ஆனால் அவர்கள் பிரிந்தால், கோப்ரா சட்டம் துணைக்கு வராது. கம்பெனி மனம் வைத்தால்தான் உண்டு.

வேறு வழி என்ன?

36 மாதம் 714 டாலர் கட்ட எல்லோராலும் முடியுமா? முடியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

அவளுக்கே வேலை இருந்து, அங்கே இன்ஷூரன்ஸ் இருந்தால் அதில் சேரலாம். கெடு 30 நாள்தான்.

இல்லாவிட்டால், ஜனாதிபதி ஒபாமா 2010-ல் கொண்டுவந்த சட்டப்படி அமைந்த இன்ஷூரன்ஸ் சந்தையில் வாங்கலாம். பழைய இன்ஷூரன்ஸ் போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சேர வேண்டும். குறைந்த வருமானக்காரர்களுக்குச் சர்க்கார் உதவி கிடைக்கும். "உனக்கு ஏற்கெனவே வியாதி இருக்கிறது" என்று சொல்லி அங்கே யாரையும் தள்ள முடியாது. இந்த விதி 2014-ல் அமலுக்கு வந்தது.

குழந்தைகளுக்கு ஆபத்து இல்லை. தாயும் தகப்பனும் பிரிந்தாலும், பெற்றவரின் இன்ஷூரன்ஸில் 26 வயது வரை இருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் குடும்பங்களுக்கும் இதே சட்டம்தான். வீடு யாருக்கு, கார் யாருக்கு என்று கோர்ட்டில் வாதாடும்போதே, மருந்துச் செலவு யாருக்கு என்பதையும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வந்தபிறகு நாட்களை எண்ணத் தவறக்கூடாது.