அழிந்துபோன அலுமினியத்தின் தடயம்

ஒஷாவாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் உருகிய உலோகத்தை அச்சில் வார்க்கின்றோம். விரைவாக ஆறினால் மணிகள் நுண்மையாகவும் மெதுவாக ஆறினால் பருமனாகவும் அமையும். முன்பு விரிவுரை மண்டபத்தில் கரும்பலகையில் வரைந்ததை இப்போது இரவு வேலையிற் கண்ணாற் காண்கிறேன். விண்கல்லை ஆராய்பவரும் இப்படித்தான் தொடங்குகின்றார்.

1996 யூன் 20 இல் இராஜஸ்தானின் பிப்லியா கலானில் வீழ்ந்த கல் யூக்ரைட் வகையைச் சேர்ந்தது. அதாவது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை. இவ்வகைக் கற்கள் வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வந்தவை என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. வெஸ்டாவின் விட்டமோ ஏறத்தாழ 525 கிலோமீற்றர்தான். இவ்வளவு சிறிய உடலம் எவ்வாறு உருகியது? யுரேனியம் தேய்ந்து தரும் வெப்பம் மிக மெதுவானது. விரைந்து எரியும் அடுப்பொன்று தேவை.

அலுமினியம்-26 என்ற சமதானியே அந்த அடுப்பாகலாம் என்று ஹரோல்ட் யூரி 1955 இற் கூறினார். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டு. ஆதியில் இருந்தது முழுவதும் மகனீசியம்-26 ஆக மாறி எப்போதோ அழிந்துவிட்டது. அழிந்ததை நிறுவுவது எப்படி?

மிகையான மகனீசியம்-26 ஐக் கண்டால் மட்டும் போதாது. அது தொடக்கத்திலேயே இருந்திருக்கலாம். அலுமினியம் மிகுந்து மகனீசியம் அருகிய பிளஜியோகிளேஸ் கனிமத்தில், அலுமினியத்தின் விகிதம் கூடக்கூட இந்த மிகையும் கூடவேண்டும். அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் சிறினிவாசன், கோஸ்வாமி, பண்டாரி ஆகியோர் பிப்லியா கலான் கல்லில் இதனைக் கண்டு 1999 இல் வெளியிட்டனர்.

கணக்கும் எளிது. ஞாயிற்றுத் தொகுதியின் முதற் திண்மங்களில், சாதாரண அலுமினியத்தின் ஓர் இலட்சம் அணுக்களுக்கு அலுமினியம்-26 சுமார் 5 அணு. இக்கல் உறைந்தபோது ஒரு கோடிக்குச் சுமார் 7.5. இடையில் ஏறத்தாழ ஆறு அரைவாழ்வுகள் கழிந்துள்ளன. ஆகவே 456.7 கோடி ஆண்டுகளுக்கு முன் முதற் திண்மங்கள் தோன்றி 40 முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்குள், பூமி முழுமை பெறுமுன்னரே, அச்சிறு உடலம் உருகி ஆறிவிட்டது. பல யூக்ரைட்டுகள் பின்னர் மீண்டும் வெப்பமேறியதால் அவற்றில் இத்தடயம் கலைந்துவிட்டது. கலையாத கல் கிடைத்தது நல்வாய்ப்பு.

சாட்சிகள் அழிந்த, ஏடுகள் எரிந்த கடந்தகாலத்தைப் பற்றித்தான் நாமும் ஓயாது விவாதிக்கிறோம். எச்சத்தைக் காட்டுவதோடு நிறைவடைகிறோம். அந்த எச்சம் வேறு வழியில் வந்திருக்க முடியாது என்று காட்டுவதே நிறுவல். அந்த இரண்டாவது வேலையை நாம் இன்னும் தொடங்கவில்லை என்பதே என் குறை.