வெட்டிய துண்டை வைத்தே மீன் இனத்தை கண்டுபிடிக்கலாம்
காட்டிக் கொடுக்கும் 'டி.என்.ஏ. பார்கோடு'

பிள்ளைப்பாக்கம்,-

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு பார்கோடு புதிதல்ல. பார்ட்சில் ஒட்டிய ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணினால் என்ன மாடல் என்று மெஷின் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை வாங்கும் மீனுக்குள்ளும் இதே மாதிரி ஒரு பார்கோடு இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ.

650 எழுத்து

டி.என்.ஏ. என்பது 4 எழுத்துகளால் எழுதப்பட்ட நீளமான தகவல். அதில் சுமார் 650 எழுத்து கொண்ட ஒரு சின்ன பகுதியை படித்தாலே இனத்தை பிரித்து விடலாம் என்று கனடா விஞ்ஞானி பால் ஹெபர்ட் 2003-ம் ஆண்டு அறிவித்தார். தலை, தோல் எதுவும் வேண்டாம். துளி சதை போதும்.

இந்திய கடல் மீன்களில் 115 இனங்களை இப்படி படித்து, லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபணு வள பணியக விஞ்ஞானிகள் 2011-ல் முடிவை வெளியிட்டனர். ஒரே இன மீன்களுக்குள் ஆயிரம் எழுத்துக்கு சராசரியாக 3 எழுத்துதான் மாறியிருந்தது. நெருங்கிய பங்காளி இனங்களுக்கு இடையே 66 எழுத்து மாறியிருந்தது. வித்தியாசம் குறைய குறைய சொந்தம் நெருக்கம், பொது மூதாதையிடம் இருந்து பிரிந்து அதிக காலம் ஆகவில்லை என்று அர்த்தம்.

நிறம் ஏமாற்றும்

ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் மன்னார் வளைகுடா தீவுகளை சுற்றி பவளப்பாறைகள் உள்ளன. பாறை மீன்களான கிளி மீன்களில் பல, வளர வளர நிறம் மாறும். பெண்ணாக இருந்தது ஆணாகவும் மாறிவிடும். நிறத்தை மட்டும் பார்த்து, ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இனப்பெயர் வைத்த கூத்தும் முன்பு நடந்தது.

இதற்கு நேர்மாறாக, அச்சு அசலாக ஒன்றுபோல தெரியும் 2 மீன்கள் வேறு வேறு இனமாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், அதில் ஒன்று அழிந்து வருவது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

காசுக்கும் வேட்டு

அமெரிக்காவில் 'ரெட் ஸ்நாப்பர்' என்று சொல்லி விற்ற மீன்களை வாங்கி நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தினர் டி.என்.ஏ. சோதனை செய்தனர். அதில் 77 சதவீதம் வேறு மீன் என்பது 2004-ல் அம்பலமானது.

மார்க்கெட்டில் நின்று யாரும் டி.என்.ஏ. பார்க்க முடியாது. ஆனால் தலை, தோல், வால் போன பிறகு கண்ணுக்கு எல்லா துண்டும் ஒன்றுதான். எனவே முழு மீனாக பார்த்து எடை போட்டு, கண் முன்னால் வெட்டச் சொல்லி வாங்குவதே நல்லது.