பாட்டி, கேக் கேக்கலாமா?

"கோதுமைதானே ஆகாது? ரவா உப்புமா கிண்டிக் கொடுங்களேன்!"

என் பேத்தியின் உடம்பு பற்றிக் கேள்விப்படும் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்லும் யோசனை இது. "ரவை எதுலேர்ந்து வருது?" என்று திருப்பிக் கேட்டால், "ரவை... ரவையிலேர்ந்துதான்!" என்கிறார்கள். மீதி இரண்டு பேர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள். அவர்கள் சேமியாவைச் சிபாரிசு செய்வார்கள்.

ரவை, சேமியா, மைதா, பன், பிஸ்கட், ரஸ்க், பரோட்டா, எல்லாமே கோதுமையின் பிள்ளைகள். எங்கள் குட்டிக்கு அந்த வம்சமே ஆகாது. பார்லியும் ஆகாது. பாலில் கலந்து கொடுக்கிற மால்ட் பானங்களும் ஆகாது. மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லிதான்.

சீலியாக் என்று அந்த வியாதிக்குப் பெயர். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் உள்ளே போனால், உடம்பின் காவல் படை எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத் தன் சிறுகுடலையே தாக்கும். குடலின் உள்பக்கம் பூந்துவாலை மாதிரி இருக்கும் குருத்துகள் மழுங்கிப் போகும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் சத்து ஒட்டாது. ஏழு வயதில் ஐந்து வயசுக் குழந்தை மாதிரி இருந்தாள். வெளிறின முகம், உப்பின வயிறு. டெல்லியில் ரத்தப் பரிசோதனை, குழாய் விட்டுப் பார்த்தது எல்லாம் முடித்து டாக்டர் சொன்னது ஒரே வரி: மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம்.

மாப்பிள்ளை பஞ்சாப்காரர். வட இந்தியாவில் நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம் பக்கம் ரொம்பக் குறைவு. அதனால்தான் இங்கே பெயர் சொன்னால் ஊர் விழிக்கிறது. மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை கிடைத்ததும், மகளும் பேத்தியும் எங்களோடு திருவண்ணாமலைக்கே வந்துவிட்டார்கள். 'ஆஹா, அரிசி தின்கிற ஊர்! இனி என்ன கவலை?' என்று எல்லாரும் சொன்னார்கள்.

வாஸ்தவம்தான். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம்... எதிலும் கோதுமை இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு பிள்ளைக்குப் பிறந்த நாள் வருகிறதே! பத்து மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்:

"பாட்டி, எனக்கும் கேக் வேணும்னு கேக்கலாமா?"

"கேசரி கிண்டட்டுமா கண்ணு? அரிசி ரவையிலே?"

"இல்லே பாட்டி. ஊதி அணைச்சு, கத்தியாலே வெட்டணும். உதிரக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் சிக்கல் முழுக்க இருக்கிறது. எப்படி என்று தெரிய வேண்டுமானால், சாயங்காலம் ஏதாவது ஒரு பரோட்டாக் கடை வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். மாஸ்டர் மாவு உருண்டையை எண்ணெயில் ஊறவைத்து, கல்லில் விசிறி விசிறி அடிக்கிறார். அது கைக்குட்டையாகி, வேட்டியாகி விரிகிறது. கிழிகிறதா? அந்தக் கிழியாமைக்குப் பெயர்தான் குளூட்டன். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பசை என்று அர்த்தமாம். தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய வலை பின்னிக் கொள்ளும். கேக் வேகும்போது கிளம்புகிற காற்றையெல்லாம் அந்த வலை பிடித்து வைத்துக் கொள்ளும். அரிசி மாவில் வலை கிடையாது. காற்று வந்த வழியே போய்விடும்.

'அப்போ இட்லி எப்படி உப்புகிறது?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அது உளுந்தின் வழவழப்பு செய்கிற உபகாரம். ஆனால் உளுந்து போட்டுக் கேக் செய்தால், அது கேக் வேஷம் போட்ட இட்லியாகத்தான் வரும். முட்டை போட்டால் ஓரளவு தூக்கிப் பிடிக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டு வாசற்படியை முட்டை தாண்டியதில்லை. ஆக, பசையும் இல்லை, முட்டையும் இல்லை. இரண்டு காலும் இல்லாதவனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புகிற கதை!

முதல் கேக் வெறும் அரிசி மாவு. உச்சி கூம்பி, நடுவில் பிளந்து, அசல் அண்ணாமலை. "மேலே தீபம் ஏத்திடலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டாவது கேக் பாதி வேகும்போது கரண்ட் போய்விட்டது. கோதுமைக் கேக் என்றால் கொஞ்சம் தாக்குப் பிடித்திருக்கும். இது நடுவில் குழிந்து படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி, அய்யங்குளம் ஆகிவிட்டது. மூன்றாவது பௌர்ணமி அன்று. எங்கள் வீட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவல உறவுக்காரர்கள் கூட்டம். பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தவர்கள் அதைத் தின்று, "பிரமாதம்!" என்றார்கள். நடக்காமல் வீட்டில் இருந்த என் வீட்டுக்காரர்தான் சரியான தீர்ப்பு சொன்னார்: "மணல் மாதிரி இருக்கு. வீடு கட்டலாம்."

சீசன் மாதங்களில் செங்கம் ரோட்டுப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் தங்குவார்கள். மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருந்த ஓர் இத்தாலி அம்மாளுக்கும் இதே வியாதி. அவர் ஊரில் இந்த வியாதிக்காரர்களுக்கு, தனி மாவு தனி ரொட்டி வாங்கிக் கொள்ள அரசாங்கமே மாதாமாதம் தொகை தருகிறதாம். (நமக்கு ரேஷனில் அரிசி வருகிறதே என்று மனசைத் தேற்றிக் கொண்டேன்.) அவர்தான் இரண்டு சரக்கு சொல்லிக் கொடுத்தார். ஒன்று, சாந்தன் கம். முட்டைக்கோஸை அழுக வைக்கிற ஒரு பாக்டீரியாவைச் சர்க்கரையில் வளர்த்து எடுக்கிற பசை. கேட்டதும் எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று என்ன தெரியுமா? இசப்கோல்!

மருந்துக் கடையில் கூட்டம். "இசப்கோல் பெரிய டப்பா ரெண்டு" என்றேன். கடைப் பையன் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி, "எத்தனை நாளா கஷ்டம்மா?" என்றான்.

"எனக்கில்லேப்பா. கேக்குக்கு."

"ஓ... கேக் சாப்பிட்டதாலே கட்டிக்கிச்சா? ராத்திரி வெதுவெதுன்னு பால்லே ரெண்டு ஸ்பூன்..."

பின்னால் நின்ற ஆள் என் மேல் காட்டிய பரிதாபத்தை இன்னும் மறக்க முடியவில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற சமாச்சாரம் இது. உலகத்துக்கே நாம்தான் அதிகமாக அனுப்புகிறோம். அங்கே மாவோடு கலந்து அழகான பாக்கெட்டில் அடைத்து, சாதா மாவுக்கு மூன்று நான்கு மடங்கு விலையில் நமக்கே திருப்பி விற்கிறார்கள்!

மாவு கிடைத்தால் மட்டும் போதாது. மில்லுக்குப் போனால், எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக் கொண்டிருப்பார். "ஒரு பிடி அரிசியை முன்னாடி விட்டு ஓட்டிட்டா சுத்தமாயிடும்மா" என்பார் மில்காரர். மில்லின் சுவரே கோதுமை மாவில் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். குளூட்டன் ஃப்ரீ என்று அச்சடிக்க வேண்டுமென்றால், கிலோவுக்கு இருபது மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். கிலோவுக்கு இருபது மில்லிகிராம்! மில்காரர் தும்மினாலே அதைத் தாண்டிவிடும். எனவே வீட்டு மிக்ஸிதான். புதுச் சல்லடை, புதுக் கரண்டி, தனி டப்பா. பழைய சல்லடையின் கண்ணில் பத்து வருஷக் கோதுமை ஒளிந்திருக்கும்.

கோதுமை ஒளிந்திருக்கிற இடங்களைப் பற்றி ஒரு துப்பறியும் தொடரே எழுதலாம். பெருங்காயத்தில் இருக்கும் என்று யாராவது நினைப்பார்களா? கூட்டுப் பெருங்காயம் என்று எழுதியிருக்கும். அந்தக் 'கூட்டு' என்பது பல டப்பாக்களில் கோதுமை மாவோ மைதாவோதான். தட்டி உடைக்கிற கட்டியானாலும் சரி, தூளானாலும் சரி, லேபிளைப் படிக்காமல் நம்ப முடியாது. ஆகவே சாம்பார், ரசம், மோர் எல்லாமே சந்தேகக் கேஸ். கோயிலில் புளியோதரை நீட்டும்போது, "சாமி, எந்தப் பெருங்காயம்?" என்று கேட்கவா முடியும்? குழந்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, தாத்தா கையில் கொடுத்துவிடுகிறாள். பார்க்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

ஒரு கல்யாணத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர், "ஒரே ஒரு பிஸ்கட்லே என்ன ஆயிடும்?" என்று ஊட்டிவிட்டார். மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சுருண்டு கிடந்தாள். நாலாம் நாள் எழுந்ததும், "அந்தத் தாத்தாவைத் திட்டாதே பாட்டி, அவருக்குத் தெரியாது" என்றாள்.

இந்த வியாதிக்குக் கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்த கதையும் பசியில்தான் தொடங்கியது. ஹாலந்தில் டிக்கே என்று ஒரு குழந்தை டாக்டர். அவருக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் அந்த நாட்டில் பயங்கரப் பஞ்சம். ரொட்டி கிடையாது. ஜனங்கள் டூலிப் பூவின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே இளைத்தது, இந்த நோய் வந்த பிள்ளைகள் மட்டும் தேறினார்கள்! பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அவர் தன் ஆராய்ச்சியை எழுதி முடித்தார். அதற்கு முன்னால் அமெரிக்காவில் வாழைப்பழத்தையே பிரதானமாகக் கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றினார்களாம். பழம் நோயைத் தீர்க்கவில்லை. பழம் தின்ற வயிற்றில் ரொட்டிக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இன்னொரு வேடிக்கை. சர்க்கரை வியாதிக்காக என் வீட்டுக்காரருக்கு டாக்டர் ராத்திரிச் சப்பாத்தி எழுதிக் கொடுத்திருந்தார். தாத்தாவுக்கு மருந்து, பேத்திக்கு விஷம், இரண்டுக்கும் ஒரே அடுப்பு! ஒரு நாள் அவரே சப்பாத்திக் கட்டையையும் குழவியையும் தூக்கிப் பரணில் போட்டார். "சாமை தோசை வார்த்துடு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

கேக்குக்கு வழி பிறந்ததும் அந்தச் சாமையில்தான். ஜவ்வாது மலையில் விளைவது. எங்கள் மாவட்டத்துச் சரக்கு. களைந்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்த சாமை மாவு ஒரு கப். அரிசி மாவு அரை கப், ஜவ்வரிசி மாவு அரை கப். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, கெட்டித் தயிர், வெல்லத் தூள், எண்ணெய், ஆப்ப சோடா. ஒரு ஸ்பூன் இசப்கோலை வெந்நீரில் கரைத்தால் நுங்கு மாதிரி ஆகும். அதையும் சேர்க்க வேண்டும். கலந்தவுடன் அடுப்பில் வைக்கக் கூடாது. அரை மணி நேரம் ஊறினால்தான் மாவு தண்ணீரைக் குடிக்கும், நறநறப்பு போகும். ஆழமான பாத்திரம் வேண்டாம், அகலத் தட்டு நல்லது. வெந்ததும் உடனே கத்தி வைக்கக் கூடாது. சூட்டோடு வெட்டினால் பிசின். முழுக்க ஆறினால்தான் இறுகும். பொறுமை இல்லாதவர்கள் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றிக் கொள்ளலாம். சின்னதாக இருந்தால் உதிராது.

பேத்தி பணியாரத்துக்குச் சம்மதிக்கவில்லை. வெட்டணும் என்றால் வெட்டணும்.

பன்னிரண்டாவது கேக், ஒன்பதாவது பிறந்த நாள். காலை பத்து மணிக்கு இறக்கியதை மத்தியானம் இரண்டு மணி வரை சுற்றிச் சுற்றி வந்தாள். தெருப் பிள்ளைகள் பத்துப் பேர். மெழுகுவர்த்தியை ஊதினாள். கத்தியை வைக்கும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரு துண்டு... இரண்டு... வரிசையாகப் பத்துத் துண்டு முழுசாக வந்தது. பதினோராவது பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது தாத்தாவுக்கு!" என்று ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, ஸ்பூனோடு கொடுத்துவிட்டு, வாசலில் விளையாட ஓடிவிட்டாள்.