சோதனைக்குத் தப்பிய வைரஸ்

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரை அடுத்த ஹெண்ட்ரா என்னும் பகுதியில் 1994-ஆம் ஆண்டு பந்தயக் குதிரைகள் அடுத்தடுத்து மடிந்தன. அவற்றைப் பயிற்றுவித்தவரும் இறந்தார். நோய்க்குக் காரணமான வைரஸுக்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து குதிரைக்கும், குதிரையிடமிருந்து மனிதனுக்கும் அது தொற்றுகிறது. 2009 வரை அதற்கு ஆளான மனிதர் 7 பேரில் 4 பேர் மாண்டனர்.

மாணவர்களே, இவ்வைரஸின் மரபுப் பொருளை நான்கே எழுத்துகளால் எழுதிய ஓர் ஏடு என்பேன். அதில் 18,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. வழக்கமான சோதனை ஏடு முழுவதையும் படிப்பதில்லை. முன்பே அறிந்த ஒரு சிறு தொடர் உள்ளதா என்று மட்டுமே தேடும். விரைவு கருதி அவ்வாறு செய்வதில் தவறில்லை. ஆனால் அத்தொடரிலேயே எழுத்துகள் மாறியிருந்தால்?

அதுவே நேர்ந்தது. 2015-இல் குவீன்ஸ்லாந்தில் ஒரு குதிரை ஹெண்ட்ரா நோயின் அறிகுறிகளோடு இறந்தது. சோதனையோ ‘இல்லை’ என்றது. எனக்கு அச்சம் தருவது அச்சொல்லே. அதனை நம்பிக் கவசமின்றிக் குதிரையின் அருகே நிற்பவர் மருத்துவரும் இலாயக்காரருமல்லவா? பாதுகாத்து வைத்திருந்த மாதிரியை ஆராய்ச்சியாளர் பின்னர் எழுத்தெழுத்தாகப் படித்தனர். ஹெண்ட்ராவேதான், ஆயினும் நூற்றுக்கு ஏறத்தாழ 16 எழுத்துகள் வேறுபட்ட மற்றொரு வகை. அதற்கேற்பச் சோதனையைத் திருத்தினர். 2021 அக்டோபரில், நியூ சவுத் வேல்ஸில் நியூகாசிலுக்கு அருகே இறந்த ஒரு குதிரையில் அவ்வகை மீண்டும் இருந்தது. இம்முறை சோதனை ‘உண்டு’ என்றது.