ஒரு பழுதுக்கு ஒரு மணி

கலூரில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வெளியே வருபவர்கள் கொஞ்சம் கிழக்கே நடந்தால், காக்கநாடு பக்கம் போகும் கொச்சி மெட்ரோவின் இரண்டாம் தடத்துக்கான வேலைகளைப் பார்க்கலாம். ஸ்டேடியத்திலிருந்து இன்ஃபோபார்க் வரை 11.2 கிலோமீட்டர். 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் இதே நிலையக் கட்டடத்தின் நான்காம் மாடியில்தான் இருக்கிறது.

தூண் எழுவது எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படாத இன்னொரு வேலையும் உண்டு. புதிய தடத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் நெட்வொர்க் ஸ்விட்ச், கேமரா, டிக்கெட் கேட், அறிவிப்புப் பலகை, ரேடியோ என்று ஏராளமான கருவிகள் வந்து உட்காரும். அவற்றில் ஏதாவது ஒன்று பழுதானால், அந்தச் செய்தி கட்டுப்பாட்டு அறையில் விழித்திருப்பவரின் மேசைக்கு உடனே வந்தாக வேண்டும். கருவியைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒரு நிறுவனத்துடையதாகவும், மேசையில் ஓடும் கன்சோல் இன்னொரு நிறுவனத்துடையதாகவும் இருந்தால் இந்த இரண்டையும் சேர்ப்பது எப்படி? இது மெட்ரோவுக்கு மட்டும் வரும் சிக்கல் என்றில்லை. வங்கி, மருத்துவமனை, மின்வாரியம், துறைமுகம் என்று பெரிய நெட்வொர்க் ஓடும் இடமெல்லாம் வருகிறது.

கொச்சியின் முதல் தடம் 2017 ஜூன் 17 அன்று ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரை 13 கிலோமீட்டரில் தொடங்கியது. 2024 மார்ச்சில் திருப்பூணித்துறையைத் தொட்டபோது 25 நிலையங்கள் ஆகிவிட்டன. ரயில்கள் ஆல்ஸ்டம் நிறுவனத்தின் ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் தயாரானவை. சிபிடிசி என்ற முறையில் ரயிலும் தடமும் ரேடியோ வழியே இடைவிடாமல் பேசிக்கொள்கின்றன. இயக்கத்தை மேற்பார்க்கும் கட்டுப்பாட்டு மையம் முட்டத்தில், பணிமனை வளாகத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ வந்தபோது படகுகளுக்கென்று வைற்றிலாவில் தனி மையம் அமைந்தது.

எந்த ஊர் மெட்ரோவை எடுத்தாலும் சிக்னல் ஒருவர், டிக்கெட் ஒருவர், கேமரா ஒருவர், மின்சாரம் ஒருவர் என்றுதான் ஒப்பந்தம் பிரியும். ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் தன் கருவியைக் கண்காணிக்கத் தன் மென்பொருளையும் கூடவே கொண்டுவருவார். இப்படியே விட்டால் கட்டுப்பாட்டு அறையில் ஆளுக்கொரு திரை வந்துவிடும். எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு மனிதர் ஏழெட்டுத் திரைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. எல்லாச் செய்தியையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ஆபரேஷன்ஸ் கன்சோல் என்ற பொதுமேசை இதற்காகத்தான் வந்தது.

கருவிகள் பேசுவதற்கு ஒரு பொதுமொழி ஏற்கெனவே இருக்கிறது. எஸ்என்எம்பி என்ற அந்த நெறிமுறை 1988-ல் வெளியானது. அதன் எண் முறை நம் நிலப்பதிவின் சர்வே எண், உட்பிரிவு எண் போன்றது. இதற்காகப் பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. சிஸ்கோவுக்கு 9, மைக்ரோசாஃப்ட்டுக்கு 311. எண்கள் இப்படி உட்பிரிவுகளாக விரிந்துபோய், கடைசியில் ஒரு ஸ்விட்சின் மூன்றாவது போர்ட், அதன் வெப்பநிலை, அதில் போன பைட்டுகள் என்று தனித்தனி விவரத்தில் முடியும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லும் அகராதிக்கு மிப் என்று பெயர். அகராதி கையில் இல்லாத கன்சோலுக்கு வருவது வெறும் எண் வரிசைதான்.

செய்தி வருவதற்கு இரண்டு வழிகள். கண்காணிப்பு மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் விசாரித்துவிட்டு வரும். இதைப் போலிங் என்பார்கள். ஏதாவது ஆனதும் கருவியே முந்திக்கொண்டு சொல்வதும் உண்டு, அது ட்ராப். ட்ராப் சாதாரணத் தபால் மாதிரி. போட்டவர் போட்டதோடு சரி, சேர்ந்ததா என்று தெரியாது. பிற்பாடு வந்த இன்ஃபார்ம் என்ற வகையில்தான் ஒப்புகை அட்டை சேர்ந்தது. லிங்க் போகிற நேரத்தில் லிங்க் போன செய்தியும் அதே லிங்க்கில் தொலைந்துவிடலாம் என்பதால், அனுபவமுள்ள நெட்வொர்க்காரர்கள் ட்ராப்பை மட்டும் நம்பி இருப்பதில்லை. போலிங்கையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ஸோஹோ என்று எல்லோருக்கும் தெரிந்த நிறுவனம், 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது எஸ்என்எம்பி வேலைதான். நெட்வொர்க் கருவி தயாரிப்பவர்களுக்குத் தேவையான மேலாண்மை மென்பொருளைச் சென்னையில் எழுதி விற்றது. 2000-களின் தொடக்கத்தில் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்து, வாங்குபவர்கள் குறைந்தார்கள். அப்போது கருவி தயாரிப்பவர்களை மட்டும் நம்பாமல், கருவியைப் பயன்படுத்தும் அலுவலகங்கள் பக்கம் திரும்பியதில் மேனேஜ்எஞ்சின் பிறந்தது. ஆப்மேனேஜர் அதன் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள். 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ என்று மாறியது.

அதே காலகட்டத்தில் பல பெரிய அலுவலகங்களின் மேசையில் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்டம் சென்டர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் 2007 ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் சர்வர், டேட்டாபேஸ் என்றால் அதற்கு அத்துப்படி. ரௌட்டர், ஸ்விட்ச் என்று வந்தால் தடுமாறும். நெட்வொர்க் கண்காணிப்பை மைக்ரோசாஃப்ட் விரிவாகச் சேர்த்தது 2012 பதிப்பில்தான், அதுவும் ஈஎம்சி நிறுவனத்தின் ஸ்மார்ட்ஸ் நுட்பத்துக்கு உரிமம் பெற்று. அதுவரை இருந்த இடைவெளியை வெளி நிறுவனங்களின் கனெக்டர்கள் நிரப்பின. ஆப்மேனேஜரின் அலாரங்களை அந்த மைக்ரோசாஃப்ட் மேசைக்குக் கொண்டுபோகும் கனெக்டரும் அவற்றில் ஒன்று.

கனெக்டரை நிறுவுவதற்கு ஒரு மதியப் பொழுது போதும். அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்குத்தான் வாரக்கணக்கில் நாள் பிடிக்கும்.

முதல் கேள்வி, எது எவ்வளவு அவசரம் என்பது. ஆப்மேனேஜரில் பழுதின் தீவிரத்துக்கு அட்டென்ஷன், ட்ரபிள், கிரிட்டிக்கல், சர்வீஸ் டவுன் என்று நான்கு படிகள். சரியாகிவிட்டால் கிளியர். மைக்ரோசாஃப்ட் மேசையில் இன்ஃபர்மேஷன், வார்னிங், கிரிட்டிக்கல் என்று மூன்றே படிகள். இப்போது ட்ரபிள் எங்கே போகும்? கிரிட்டிக்கலில் சேர்த்தால் அற்ப விஷயத்துக்கெல்லாம் சிவப்பு எரியும். வார்னிங்கில் சேர்த்தால் நாளை பெரிதாகப்போகிற பழுது மஞ்சள் வரிசையில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். பெரும்பாலும் இந்த அட்டவணையை நிறுவ வந்த இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் நிரப்பிவிட்டுப் போகிறார். இரவு ஷிஃப்டில் உட்காருகிறவர்களைக் கேட்டு, அவர்கள் கையாலேயே எழுதவைக்க வேண்டிய அட்டவணை அது. எந்த மணிக்கு எழுந்து ஓட வேண்டும், எதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏதோ ஒரு மெட்ரோ நிலையத்தின் கருவி அறையில் காலை 6.10-க்கு யுபிஎஸ் நின்றுபோகிறது. ஸ்விட்ச் செத்துவிடுகிறது. அதில் 24 கேமராக்கள், 8 டிக்கெட் கேட்டுகள், 6 அறிவிப்புப் பலகைகள் என்று வைத்துக்கொள்வோம். போலிங் செய்யும் மென்பொருள் 38 கருவிகளையும் பதில் இல்லை என்று பட்டியல் போடும். இரு பக்கத்து நிலையங்களின் ஸ்விட்சுகள் ஆளுக்கொரு லிங்க் டவுன் அனுப்பும். செத்த ஸ்விட்சையும் சேர்த்தால் 41 அலாரம். நடந்த பழுது ஒன்றே ஒன்று.

இந்த 41-ஐயும் அப்படியே மேசைக்குத் தள்ளிவிட்டால் ஷிஃப்ட்காரர் திணறிப்போவார். ஸ்விட்சுக்குக் கீழே எவையெல்லாம் தொங்குகின்றன என்ற வரைபடம் மென்பொருளிடம் இருந்தால், 38 கருவிகளின் புலம்பலை அது தானே அடக்கிவிட்டு ஸ்விட்ச் போய்விட்டது என்று ஒரே வரியில் சொல்லும். ஆனால் ஏன் போனது என்று அதற்குத் தெரியாது. யுபிஎஸ் கண்காணிப்பு வேறு ஒப்பந்தக்காரருடையது. அந்த மென்பொருளுக்கு யுபிஎஸ் நின்றது தெரியும், அதனால் எது இருண்டது என்று தெரியாது. இரண்டு செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் வருவது பொதுமேசையில் மட்டும்தான். இத்தனை பாடுபட்டு வெளி மென்பொருளைக் கன்சோலோடு சேர்ப்பதற்கான பலன் முழுவதும் அந்த இடத்தில்தான் கிடைக்கிறது. நெட்வொர்க்காரரை அனுப்பலாமா, எலக்ட்ரீஷியனை அனுப்பலாமா என்று அங்கேதான் முடிவாகும்.

அதற்கு இரண்டு செய்தியிலும் நேரம் ஒத்துப்போக வேண்டும். ஒரு மென்பொருள் இந்திய நேரத்தையும் இன்னொன்று உலகப் பொது நேரத்தையும் எழுதினால், ஒரே பழுது ஒரு வரியில் 6.10 என்றும் மறு வரியில் 00.40 என்றும் நிற்கும். பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஸ்விட்சுக்கு இன்ஜினியர் வைத்த பெயர் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு கோவையாக இருக்கும். ஓடிப்போய்ப் பார்க்கப்போகிறவருக்குத் தேவை வடக்கு வாசல், முதல் தளம், படிக்கட்டுக்குப் பக்கத்து அறை என்ற விலாசம்.

அலாரங்கள் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கண்ட பெரிய பாடம் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28 விடிகாலையில் விபத்து தொடங்கிய சில நிமிடங்களில் 100-க்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. அவற்றைத் தாளில் அச்சிட்டுத் தரவேண்டிய பிரிண்டர் ஈடுகொடுக்க முடியாமல் மணிக்கணக்கில் பின்தங்கியது. முக்கியமான ஒரு வால்வு மூடாமல் திறந்தே கிடந்த விஷயம் அந்த இரைச்சலுக்குள் பிடிபடவில்லை.

நிசப்தமும் அதே அளவு ஆபத்து. 2003 ஆகஸ்ட் 14 பிற்பகல் 2.14 மணிக்குப் பிறகு, ஒஹையோ மாநில மின்நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் சத்தமில்லாமல் உறைந்துபோனது. திரை அமைதியாக இருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அங்கிருந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பினார்கள். வெளியே உயர் அழுத்தக் கம்பிகள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்தன. மாலை 4 மணி தாண்டியதும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. கனெக்டருக்கு இதயத்துடிப்பு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நிமிடத்துக்கு ஒருமுறை அது உயிரோடு இருக்கிறேன் என்று கன்சோலுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே ஓர் அலாரம்.

செய்தி வந்தால் மட்டும் போதாது, பதிலும் திரும்பிப் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் மேசையில் புதிய அலர்ட்டுக்கு நிலை எண் 0, முடிந்துவிட்டால் 255. மேசைக்காரர் 255 போட்டதும் நெட்வொர்க் மென்பொருளிலும் அந்த அலாரம் அடங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு ஓடும், எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. இருவழிப் பாதை போடும்போது எதிரொலியும் வரலாம். ஒரு பக்கம் செய்த மாற்றம் மறு பக்கம் புது மாற்றமாகப் பதிவாகித் திரும்பி வந்து, ஒரே அலாரம் முடிவில்லாமல் பந்து போல எகிறிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி முதலில் எங்கே பிறந்தது என்று அடையாளம் ஒட்டி அனுப்பினால் இது தடுக்கப்படும்.

காவல்காரர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தபோது, பழுதைப் பார்க்க வேண்டிய உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கோடு சேர்ந்து விழுந்தன. இன்ஜினியர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். கொச்சியில் 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் முட்டம் யார்டுக்குள் தண்ணீர் புகுந்து மெட்ரோ ஓட்டமே நின்றது. ஒரே இடத்தை மட்டும் நம்பியிருக்கும் எந்த அமைப்பும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நாட்கள் அவை. கண்காணிப்புச் செய்திக்கென்று தனிப் பாதையும் இரண்டாவது மேசையும் வேண்டும் என்று தொழில் தெரிந்தவர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, சாவி. கண்காணிக்கும் மென்பொருளுக்கு நெட்வொர்க்கின் எல்லா அறைக்கும் போக அனுமதி இருக்கும். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே திருட்டு நிரல் நுழைந்திருந்தது 2020 டிசம்பரில் வெளிவந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டைப் பெற்றிருந்தார்கள். அதனால் கருவிகளில் வெளி மென்பொருளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும், மாற்றும் உரிமை கூடாது. பழைய எஸ்என்எம்பி பதிப்புகளில் கடவுச்சொல் போலப் பயன்படும் சொல் பல கருவிகளில் பப்ளிக் என்றே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதை மாற்றாமல் விட்ட நெட்வொர்க்குகள் இன்னும் இருக்கின்றன. செய்தியை மறையாக்கம் செய்து அனுப்பும் மூன்றாம் பதிப்பு வந்து வருடங்கள் பல ஆன பிறகும் இந்த நிலை நீடிப்பது வருத்தமான விஷயம்.

புதிய தடம் திறக்கும் முன் எந்த மெட்ரோவிலும் பல மாதம் சோதனை ஓட்டம் நடக்கும். அந்த மாதங்களில் நடத்திப் பார்க்க வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடைசி ரயில் போன பிறகு, ஒருவர் கையில் டார்ச்சோடு நிலையத்தின் கருவி அறைக்குள் போய், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு ஃபைபர் ஒயரைக் கழற்றுகிறார். பல கிலோமீட்டர் தள்ளிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதல் வரி வர எத்தனை விநாடி ஆனது, வந்தது ஒரு வரியா நாற்பதா, அதில் கழற்றப்பட்ட ஒயர் எந்த அறையில் இருக்கிறது என்று எழுதியிருந்ததா, மேசையில் இருந்தவர் யாருக்கு போன் செய்தார் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார். பிறகு ஒயரை மாட்டிவிட்டு, பட்டியலில் இருக்கும் அடுத்த அறைக்குப் போகிறார்கள்.