எல்லோருக்கும் ஒரு சுவர்

1873-ஆம் வருஷம் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில், கலைப்பள்ளி எதிலும் கிரமமாகப் பயிலாத கிளிமானூரைச் சேர்ந்த 25 வயது இளைஞர் ஒருவர் அனுப்பிவைத்த, கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவர்தாம் ரவி வர்மா. திருவாங்கூர் அரச குடும்பத்தோடு அவருக்கு உறவு இருந்தது என்பதும், அரண்மனையில் அவர் ஓவியர்களின் வேலையைப் பார்த்துப் பழகியவர் என்பதும் உண்மையே. ஆனாலும் 1850-இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இதே நகரத்தில் இயங்கிவந்த காலத்தில், அதன் வாசலை மிதிக்காத ஒருவருடைய படத்தைத் தொங்கவிட ஒரு சுவரும், அதைப் பார்த்து மதிப்பிடச் சிலரும், பரிசளிக்க ஒரு புரவலரும் சென்னையில் இருந்தார்கள் என்பதே என் நெஞ்சை விட்டு அகலாத விஷயம்.

அதே சென்னையின் பெசன்ட் நகரில் இன்று அப்படி ஒரு சுவர் வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். இது கலைக்கு அந்நியமான பேட்டை அல்ல. ஒரு பக்கம் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திரம். எலியட்ஸ் கடற்கரைச் சாலையில், நாட்டியத்தில் புதுவழி கண்ட சந்திரலேகா வாழ்ந்து, தம் வீட்டு வளாகத்தையே கலைஞர்களுக்குத் திறந்துவிட்ட ‘ஸ்பேசஸ்’. வடக்கே மீனவர் வாழும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், 2015-இல் தொடங்கிய விழாவில் கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. ஆயினும் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தூரிகையைக் கையில் எடுத்த பெரியவரும், சமையல் முடிந்த மத்தியான வேளையில் தஞ்சாவூர்ப் படம் பழகும் பெண்மணியும், பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்போடு தாகம் அடங்காத சிறுவனும் வரைகிற படங்கள், பெரும்பாலும் பரண்மேல் சுருட்டிவைக்கப்பட்டே காலம் கழிக்கின்றன.

புரவலர் ஒருவர் முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் ஜனவரிதோறும் நடைபெறும் மயிலாப்பூர் விழாவில், கபாலீசுவரர் கோயிலின் வடக்கு மாடவீதியே கோலப் போட்டிக் களமாகிறது. பாட்டியும் பேத்தியும் அருகருகே அமர்ந்து புள்ளி வைக்கிறார்கள். போட்டி முடிந்த கணத்திலேயே வீதி முழுவதும் கண்காட்சியாகிவிடுகிறது. தோற்றவர் கோலத்தையும் வென்றவர் கோலத்தையும் ஊர் ஒன்றாகவே பார்த்துக்கொண்டு நடக்கிறது. கோலத்துக்குக் கிடைத்த இந்தப் பாக்கியம் காகிதத்திலும் கான்வாஸிலும் வரைகிறவர்களுக்கு ஏன் கிடைக்கலாகாது?

லண்டனின் ராயல் அகாடமி 1769 முதல் இடைவிடாமல் வருஷந்தோறும் நடத்திவரும் கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். ஆனால் தேர்வுக் குழு ஏற்றால்தான் அது சுவர் ஏறும். பாரிஸ் நகரத்தில் அத்தகைய குழுவின் தாட்சண்யமற்ற நிராகரிப்பு பெரும் கூச்சலை எழுப்பியதால், 1863-இல் தள்ளப்பட்ட படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தும்படி மூன்றாம் நெப்போலியன் உத்தரவிட்டார். 1884-இல் ஓவியர்களே ஒன்றுகூடி, தேர்வும் இல்லை, பரிசும் இல்லை என்ற விதியோடு ஒரு சங்கம் கண்டார்கள். சுங்கச்சாவடி ஊழியராயிருந்து தாமாகவே வரையக் கற்ற ஹென்ரி ரூஸோவின் படங்களை உலகம் கண்டது அந்தச் சங்கத்தின் சுவரில்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவர் பல வருஷங்கள் சலிக்காமல் படம் கொண்டுவந்தார், பிக்காஸோவின் தலைமுறை அவரைக் கொண்டாடியது.

என் அபிப்பிராயத்தில், நம் பேட்டைக்குத் தேர்வில்லாத சுவரையும் பரிசுப் போட்டியையும் கலந்த வழியே உகந்தது. ஆளுக்கு ஒரு படம் என்று வரம்பிட்டு, வந்த படங்கள் அனைத்தையும் மாட்டிவிட வேண்டும். பரிசை மட்டும் சிறுவர், பொழுதுபோக்காக வரைவோர், தொழில்முறை ஓவியர் என்று பிரித்து வழங்க வேண்டும். நடுவர்களுக்குப் பெயர் தெரியாமல் எண் மட்டுமே தெரிய வேண்டும். 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் கைவினைப் பொருள் விற்ற பணத்தைக் கொண்டு உருவாக்கிய சோழமண்டலம் இதே கடலோரத்தில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கையில், நடுவர்களுக்குப் பஞ்சமில்லை.

புரவலர்கள் வழக்கமாகப் பணத்தைக் கோப்பையிலும் மேடையிலும் கொட்டுகிறார்கள். அது செல்ல வேண்டிய இடங்களோ கண்ணில் படாதவை: படத்துக்குச் சட்டம் போட வசதியில்லாதவர்க்குச் சட்டம், கண் கூசாத விளக்கு, நடுவருக்குச் சன்மானம், காப்பீடு, படத்தைப் பழுதின்றித் திருப்பிக் கொடுக்க ஆள். கடற்கரையில் இன்னொரு செலவும் உண்டு. உப்பங்காற்றின் ஈரத்தில் நீர்வண்ணக் காகிதம் நெளியும், பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி போட்டாலும் காகிதம் அதில் ஒட்டாதபடி உள்ளே அட்டை விளிம்பு வேண்டும். இதற்குப் பணம் தருகிறவரையே நான் புரவலர் என்பேன்.

நாட்டுச் சட்டமும் இதில் சற்று அக்கறை காட்டியிருக்கிறது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கம்பெனிகள் முந்தின 3 வருஷங்களின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்கிறது. கலையும் கலாசாரமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தன் சரக்குக்கு விளம்பர லாபம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவு அந்தக் கணக்கில் சேராதென்று விதிகள் சொல்கின்றன. அவ்வாறே, 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தமக்காக வரைந்த ஓவியத்தின் உரிமை முதலில் அவருக்கே உரியது. எழுதிக் கையெழுத்திட்டாலன்றி அது கைமாறாது. போட்டிக்கு வந்த படங்களின் உரிமை முழுவதும் எங்களுக்கே என்று விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுவது கலைக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. அறிவிப்பிலும் மலரிலும் படத்தை அச்சிட அனுமதி கேட்டால் போதும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். அறிவிப்பு அடுக்குமாடி வீடுகளின் லிப்ட் வாசலில் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்பட்டால், ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே இராது. குப்பத்து மீன் கடைகளின் அருகிலும், மாநகராட்சிப் பள்ளியிலும், ஆட்டோ ஸ்டாண்டிலும் அது தமிழில் ஒட்டப்பட வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதை முதல் வரியிலேயே போட வேண்டும். காகிதமும் வண்ணமும் இல்லாதவர்கள் எங்கே வந்து பெற்றுக்கொள்ளலாம் என்பதை இரண்டாவது வரியில் சொல்லிவிட வேண்டும்.