வண்ணச் சுடரின் இரசாயனமும் அதன் விலையும்

தீபாவளி இரவிலும் ஆண்டு பிறக்கும் நள்ளிரவிலும் வெள்ளவத்தைக் கடற்கரை வானிலும் கொட்டாஞ்சேனைக் கூரைகளின் மேலும் மலரும் வாணங்கள் கொழும்பு வாழ் மக்களுக்குப் பழகிய காட்சி. அந்நிறங்கள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றுக்கு விலை கொடுப்போர் யாவர் என்னும் இரு வினாக்களும் ஒருங்கே ஆராயத்தக்கன.

சீனத்தில் தோன்றிய பழைய வெடிமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை. அதன் சுடர் மங்கிய செம்மஞ்சளே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் பேர்தொலே ஆக்கிய பொற்றாசியம் குளோரேற்றே செறிந்த நிறங்களுக்கு வழி திறந்தது. அது சுடரின் வெப்பத்தை உயர்த்தியதோடு நிறத்துக்கு வேண்டிய குளோரினையும் வழங்கியது.

வெப்பத்தினால் உயர்ந்த சத்திநிலையை அடையும் இலத்திரன்கள் கீழிறங்குகையில் ஒளி உமிழப்படுகின்றது. அவ்வொளியின் அலைநீளம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். இவ்வுண்மையைக் கொண்டு 1859, 1860ஆம் ஆண்டுகளில் பன்சனும் கிர்க்கோவும் நிறமாலைப் பகுப்பாய்வை உருவாக்கினர். சோடியம் 589 நனோமீற்றரில் மஞ்சளைத் தருகின்றது. சிவப்புக்கு ஸ்ரொன்சியமும் பச்சைக்குப் பேரியமும் நீலத்துக்குச் செம்பும் பயன்படுகின்றன. குளோரினுடன் இணைந்த நிலையிலேயே இவற்றின் நிறம் செறிவுறும். நீலம் பெறுதற்கு அரியது. வெப்பம் மிகுந்தால் செம்புக் குளோரைட்டு சிதைந்துவிடும். குறைந்தால் ஒளி மங்கும்.

நிறத்தைத் தந்த குளோரேற்றே ஆபத்தையும் கொணர்ந்தது. கந்தகத்துடன் சேர்ந்த குளோரேற்று சிறு உராய்விலும் தீப்பற்றக்கூடியது. ஆதலாற் பிரித்தானியா 1894இல் அக்கலவையைத் தடைசெய்தது. பிற்காலத்தில் அதனினும் பாதுகாப்பான பேர்குளோரேற்று பெரிதும் இடம்பெற்றது. ஆயினும் இத்தொழிலின் அபாயம் நீங்கவில்லை. சிவகாசிக்கு அண்மையிலுள்ள முதலிப்பட்டியில் 2012 செப்டெம்பர் 5ஆந் திகதி நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். நம் நாட்டிலும் நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கிம்புலாப்பிட்டிய மக்கள் பலருக்கு இதுவே பிழைப்பு.

கரையும் பேரிய உப்புகள் தசைகளையும் இதயத்தையும் தாக்கும் நஞ்சு. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசுகளிற் பேரிய உப்புகளைத் தடைசெய்து, 2021இல் அத்தடையை வலியுறுத்தியது. சூழலை நோக்க இது தகும். எனினும் பேரியம் நைத்திரேற்று பச்சை நிறத்துக்கு மட்டுமன்றி, மத்தாப்பு முதலியவற்றில் ஒட்சியேற்றியாகவும் பயன்பட்டு வந்தமையால், தடையின் சுமை தொழிலாளரின் அன்றாடக் கூலியிலும் விழுகின்றது. நஞ்சற்ற மாற்றுக் கலவையும் பாதுகாப்பான பணியிடமும் வேலையிழந்த காலத்துக்கான ஊதியமும் ஒருங்கே கோரப்படுதல் வேண்டும். அவற்றுள் ஒன்றை மட்டும் கோருவது, காற்றைக் காத்துக் கைகளைக் கைவிடுவதாகும். அன்றேல் கைகளைக் காத்துக் காற்றைக் கைவிடுவதாகும்.